எடை குறையும் என்று 'தம்' பிடிக்கும் பிள்ளைகள்: வீட்டில் இருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

வடசென்னையில் தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, காசிமேடு பக்கம் ஒரு பையன் சிகரெட் பிடிக்கிறான் என்று வீட்டுக்குத் தெரிந்ததும் வரும் முதல் கேள்வி, "எவன்டா பழக்கி உட்டான்?" என்பதுதான். உடனே கூட்டாளி யார் என்று தேடுவார்கள். அவன் வீட்டு வாசலில் போய்ச் சத்தம் போடுவார்கள், இரண்டு குடும்பத்துக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோகும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் சில மாதங்கள் ஓடின. கடைசியில் பையன் வாயைத் திறந்தபோது வந்த பதில் வேறு மாதிரி இருந்தது. "அடிச்சா பசிக்காதுன்னாங்க. வெயிட் இறங்கும்னாங்க." 166 சென்டிமீட்டர் உயரத்துக்கு 74 கிலோ இருந்தான். வகுப்பில் அவனுக்குப் பெயர் புல்டோசர். எடைக்குப் பயந்து ஒரு பிள்ளை சிகரெட்டைத் தொடும் என்று எங்களுக்கு ஒருவரும் சொன்னதில்லை. பயம், கோபம், வெளியில் சொல்ல முடியாத வெட்கம் எல்லாவற்றையும் நாலு சுவருக்குள் வைத்துக்கொண்டு ஒரு வருடம் போனது, கிட்டத்தட்ட 40,000 ரூபாயும் போனது. பணம் போன கதையைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் தெரிய வேண்டியது, இது நம் வீட்டு அதிசயம் இல்லை. எடைக் கவலைக்கும் சிகரெட் தொடங்குவதற்கும் உள்ள தொடர்பைப் பல நாடுகளில் ஆராய்ந்திருக்கிறார்கள். அதில் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. தராசில் காட்டும் எடையைவிட, 'நான் குண்டு' என்று பிள்ளை தன்னைப் பற்றி நினைப்பதும், கேலிக்கு ஆளாவதும், சாப்பாட்டைத் தவிர்த்துப் பட்டினி கிடப்பதும்தான் சிகரெட்டுக்கு நெருக்கமாக நிற்கின்றன. அதனால் சரியான எடையில் இருக்கும் பிள்ளையும் இதில் மாட்டலாம். பெண் பிள்ளைகளிடம் இந்தத் தொடர்பு தெளிவாகத் தெரிகிறது, ஆண் பிள்ளைகளிடம் ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது. சின்னப் பிள்ளைதானே என்றும் நினைக்க வேண்டாம். 2019இல் இந்தியப் பள்ளிகளில் நடந்த உலக இளையோர் புகையிலைக் கணக்கெடுப்பில், 13 முதல் 15 வயதுப் பிள்ளைகளில் 8.5 சதவீதம் பேர் ஏதோ ஒரு புகையிலையைப் பயன்படுத்துவது தெரியவந்தது. சிகரெட்டைத் தொட்டவர்களில் 38 சதவீதம் பேர் பத்து வயது முடியும் முன்பே தொட்டவர்கள்.

'சிகரெட் பிடித்தால் ஒல்லியாகலாம்' என்ற நினைப்பு எங்கிருந்து வந்தது என்று தேடினால் சிகரெட் கம்பெனி வாசலில் போய் நிற்கும். 1928இல் அமெரிக்காவில் லக்கி ஸ்ட்ரைக் விளம்பரம், இனிப்புக்குக் கை நீட்டாதே, அதற்குப் பதில் எங்கள் சிகரெட்டுக்கு நீட்டு என்று பெண்களைப் பார்த்துச் சொன்னது. மிட்டாய் வியாபாரிகளே கொதித்துப்போனார்கள். 1968இல் பெண்களுக்கென்றே வந்த ஒரு சிகரெட்டின் பெயரிலேயே 'ஸ்லிம்ஸ்' என்று வைத்தார்கள். இங்கே சிகரெட் விளம்பரத்துக்கு 2003ஆம் ஆண்டின் புகையிலைப் பொருள் சட்டம் தடை போட்டுவிட்டது. ஆனால் அந்தப் பேச்சு மட்டும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டிருக்கிறது.

பையனிடம் 'அதெல்லாம் உடான்ஸ்' என்று ஒரே அடியாகச் சொன்னால் நம்ப மாட்டான். ஏனென்றால் அதில் பாதி உண்மை. நிகோடின் மூளையில் பசியை அடக்கும் நரம்பணுக்களைத் தூண்டுகிறது. யேல் பல்கலைக்கழகத்தில் எலிகளை வைத்துச் செய்து 2011இல் வெளியிட்ட ஆய்வு அது எந்தப் பாதையில் நடக்கிறது என்பதையே காட்டியது. உடல் செலவழிக்கும் சக்தியும் கொஞ்சம் கூடுகிறது. ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட்டுக்கு மேல் ஊதும் பெரியவர்களைத் தனி அறையில் 24 மணி நேரம் வைத்து அளந்தபோது கூடுதலாகச் செலவானது சுமார் 10 சதவீதம், அதாவது ஏறக்குறைய 200 கலோரி. இப்போது நம் பையன் கணக்கைப் போடுங்கள். அவன் பிடிப்பது மூன்று நாலு. ஒவ்வொன்றோடும் ஒரு டீ. ஒரு டீயில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை, பாலையும் சேர்த்தால் 80, 90 கலோரி. நாலு டீ குடித்தால் 300 கலோரிக்கு மேல் உள்ளே போய்விடுகிறது. பாக்கெட் கணக்கில் ஊதுகிறவருக்கே 200தான் செலவு என்றால், இவன் நாலு சிகரெட்டில் எதைக் கரைக்கப்போகிறான்? இந்தக் கணக்கைத் தாளில் எழுதிக் காட்டினோம். புற்றுநோய்ப் படத்துக்கு அசையாதவன் இதற்கு அசைந்தான்.

அதோடு நிகோடின் ரத்தத்தில் பாதியாகக் குறைய சுமார் இரண்டு மணி நேரம் போதும். பகலில் அமுக்கிய பசி ராத்திரி வந்து நிற்கும். காலை நாஷ்டா இல்லை, மதியம் பாதி டிபன், ராத்திரி பத்து மணிக்குத் தள்ளுவண்டிக் கடையில் முட்டை ஃப்ரைட் ரைஸ். மொத்தத்தில் சாப்பாடு குறைவதில்லை, சாப்பிடும் நேரம்தான் இருட்டுக்குப் போகிறது. இளைஞர்களின் புகையிலைப் பழக்கம் பற்றி அமெரிக்காவின் தலைமை மருத்துவ அதிகாரி 2012இல் வெளியிட்ட அறிக்கை, பிள்ளைகள் நம்புவதற்கு மாறாக, இந்த வயதில் சிகரெட்டால் சொல்லும்படி எடை குறைவதில்லை என்று தெளிவாகவே எழுதியது. பெரியவர்களிடம் இன்னொரு கூத்தும் உண்டு. நிறைய புகைப்பவர்களுக்குக் கொழுப்பு வயிற்றில் சேர்கிறது, இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பும் புகைக்காதவர்களைவிட 30 முதல் 40 சதவீதம் அதிகம். தொப்பைக்குப் பயந்து பிடிக்கிறவனுக்கு இதைவிட என்ன சொல்ல வேண்டும்?

வீட்டில் எப்படிக் கண்டுபிடிப்பது? எல்லோரும் சட்டையை மோந்து பார்ப்பார்கள். பையன்கள் அதற்கு எப்போதோ தயாராகிவிட்டார்கள். சிகரெட்டோடு சேர்த்தே ஹால்ஸும் மின்ட்டும் வாங்குவார்கள், வாசனையுள்ள 'கிளிக்' சிகரெட்டாகக் கேட்பார்கள், விரலில் எலுமிச்சைத் தோலைத் தேய்ப்பார்கள். எடைக்காகத் தொடங்கிய பிள்ளையை டிபன் பாக்ஸ்தான் காட்டிக்கொடுக்கும். இட்லி அப்படியே திரும்பி வரும், அல்லது பாக்ஸ் சந்தேகப்படும் அளவுக்குச் சுத்தமாக இருக்கும், வழியில் நாய்க்குப் போயிருக்கும். காலையில் "பசிக்கல" என்பான். மெடிக்கல் ஷாப் தராசிலோ ஜிம் தராசிலோ அடிக்கடி ஏறி இறங்குவான். முழு ஆண்டும் தொளதொளச் சட்டை, குரூப் போட்டோவில் பின்வரிசை. ஷேர் ஆட்டோவுக்குக் கொடுத்த காசை மிச்சம் பிடித்து மிண்ட் (தங்கசாலை) பகுதியிலிருந்து நடந்தே வருவான். உடம்புக்காக நடக்கிறான் என்று வீட்டில் சந்தோஷப்படுவார்கள், காசு பெட்டிக்கடைக்குப் போகும். அப்போது பிராண்டைப் பொறுத்து ஒரு சிகரெட் 10 ரூபாயிலிருந்து 20 ரூபாய் வரை இருந்தது. 15 ரூபாய் என்று வைத்தாலும் நாலு சிகரெட்டுக்கு நாளைக்கு 60, மாதத்துக்கு 1,800.

பணம் போன வழியைச் சொல்லாமல் விட்டால் இதை எழுதுவதில் பயனில்லை. ஜிம்முக்கு வருடக் கட்டணம் 9,000, ஒரே தவணையில் கட்டினால் தள்ளுபடி என்றார்கள். 'ஷேக்' குடிக்கும் கிளப் ஒன்றில் இரண்டு மாதம், 11,000. கொழுப்பைக் கரைக்கும் மாத்திரை டப்பா 2,500. அதில் முக்கியமாக இருந்தது காபிச் சத்துதான். சிகரெட்டோடு சேர்ந்தபோது பையனுக்கு நெஞ்சு படபடப்பும் தூக்கமின்மையும் வந்ததுதான் மிச்சம். ஆலோசனை 'பேக்கேஜ்' என்று முன்பணம் 6,000, அங்கே எடையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மீதி அவன் ஊதியது. இவற்றில் எதுவுமே தேவைப்பட்டிருக்கவில்லை. பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு எடை குறைக்கும் பொடியோ மாத்திரையோ யார் நீட்டினாலும், குழந்தை மருத்துவர் எழுதித் தராமல் வாங்காதீர்கள். ஜிம்மில் மாதக் கட்டணம் மட்டும் கட்டுங்கள். மூலிகை சிகரெட் என்று விற்பதில் நிகோடின் இல்லாவிட்டாலும் எரியும் எந்த இலையிலும் தாரும் கார்பன் மோனாக்சைடும் உண்டு. வேப் பக்கம் போகவே வேண்டாம். 2019இலிருந்து இந்தியாவில் அதன் விற்பனைக்குத் தடை, திருட்டுத்தனமாக வாங்கியதில் எவ்வளவு நிகோடின் இருக்கிறது என்று விற்பவனுக்கே தெரியாது.

பேச்சை எப்படித் தொடங்குவது என்பதில்தான் பல வீடுகள் தடுக்கி விழுகின்றன. அப்பா, பெரியப்பா, மாமா என்று சபை கூட்டி நிறுத்தி வைத்தால் பையன் பொய் சொல்லத்தான் பழகுவான். யாரிடம் அவன் கொஞ்சம் சகஜமாக இருக்கிறானோ அவர் ஒருவர் மட்டும், எதிரெதிரே உட்காராமல், கூட நடந்துகொண்டோ வண்டியில் போகும்போதோ கேட்கலாம். மூன்று கேள்வி போதும். காலையில் எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் சிகரெட் தேடுகிறது? விடப் பார்த்து முடியாமல் போயிருக்கிறதா? பிடித்தால் பசிக்காது என்று யாராவது சொன்னார்களா? முதல் கேள்விக்கு அரை மணி நேரத்துக்குள் என்று பதில் வந்தால் அடிமைத்தனம் ஆழமாக இருக்கிறது, வீட்டு வைத்தியத்தோடு நிற்கக் கூடாது. தினமும் பிடித்தால்தான் அடிமையாவார்கள் என்பதும் சரியில்லை. இந்த வயதில் எப்போதாவது பிடிக்கும் பிள்ளைகளுக்கே சில வாரங்களில் ஏக்கம் தொடங்கிவிடலாம்.

மூன்றாவது கேள்விக்கு ஆமாம் என்று வந்தால், சிகரெட்டைப் பிடுங்குவதற்கு முன் சாப்பாட்டைச் சரிசெய்யுங்கள். ஒன்றிரண்டு வாரம் இதற்கென்றே ஒதுக்குவது வீண் இல்லை. பட்டினியோடு சிகரெட்டை விடச் சொன்னால் பசி, எரிச்சல், ஏக்கம் மூன்றும் ஒரே நேரத்தில் வந்து மூன்றாம் நாள் மறுபடி கடையில் நிற்பான். காலையில் மூன்று இட்லி, சாம்பார் தாராளமாக, கூடவே இரண்டு அவித்த முட்டையோ ஒரு கிண்ணம் சுண்டலோ. புரதம் சேர்ந்தால் பசி தள்ளிப்போகும். வெறும் இட்லி பதினோரு மணிக்கே கைவிட்டுவிடும், அந்த இடைவேளையில்தான் முதல் தம். மதியம் சாதத்தைப் பாதியாக்கச் சொல்லிச் சண்டை போட வேண்டாம், ஒரு கரண்டி குறைத்து காயைக் கூட்டினால் போதும். பள்ளி விட்டு டியூஷன் போகும் நாலரை மணிதான் நாளிலேயே ஆபத்தான நேரம். அந்த நேரத்துக்குப் பையில் ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலை, சுமார் 30 கிராம், அல்லது ஒரு கொய்யா இருக்கட்டும். பாட்டில் கூல்டிரிங்ஸை மோராக மாற்றுங்கள். 300 மில்லி கோலாவில் மட்டும் 30 கிராமுக்கு மேல் சர்க்கரை. காசிமேடு மீன்பிடித் துறைமுகம் பக்கத்திலேயே இருக்கிறது, நெத்திலியும் சங்கராவும் எண்ணெயில் பொரிக்காமல் குழம்பில் போடலாம். ராத்திரி எட்டு மணிக்குள் சாப்பாடு. பர்மாக் கடை அத்தோவும் பேஜோவும் அடியோடு கூடாது என்று சட்டம் போட்டால் வீட்டுக்குத் தெரியாமல் போய்ச் சாப்பிடுவான். வாரம் ஒரு நாள் எல்லோரும் சேர்ந்து போகலாம்.

எடையை எப்படிப் பார்ப்பது என்பதற்கும் ஒழுங்கு வேண்டும். தினமும் தராசில் ஏறக் கூடாது, தண்ணீர், உப்பு, மலச்சிக்கல் இவற்றாலேயே ஒரு கிலோ முன்னே பின்னே காட்டும். மாதம் ஒரு முறை, காலையில், கழிப்பறை போய்வந்த பிறகு, ஒரே தராசில். கூடவே உயரமும் அளக்க வேண்டும். வளரும் பிள்ளைக்கு உயரம் கூடும்போது எடை அப்படியே நின்றாலே அது முன்னேற்றம், பலருக்குக் கிலோவைக் குறைக்கவே தேவைப்படாது. பெரியவர்களுக்கான பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு) எல்லைகளை இந்த வயதில் அப்படியே போடக் கூடாது. 5 முதல் 18 வயது வரை இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2015இல் வெளியிட்ட வளர்ச்சி வரைபடம் இருக்கிறது, குழந்தை மருத்துவரிடம் அதில் குறித்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். வீட்டுக்குள் 'குண்டா', 'டப்பா' என்று கூப்பிடுவது செல்லத்துக்குக்கூட நின்றாக வேண்டும். பாட்டிமார்களைத் திருத்துவதுதான் கஷ்டம்.

பிறகுதான் விடும் நாள். பரீட்சை வாரத்திலும், வீட்டில் கல்யாணம் காட்சி இருக்கும் வாரத்திலும் வைக்காதீர்கள். முதல் மூன்று நாள் கடுமையாக இருக்கும். எரிச்சல், தலைவலி, கவனமின்மை, தூக்கக் குறைவு எல்லாம் இரண்டு முதல் நாலு வாரத்தில் அடங்கும், பசி மட்டும் அதற்கு மேலும் நிற்கும். ஒவ்வொரு ஏக்கமும் சுமார் ஐந்து நிமிட அலை. அந்த ஐந்து நிமிடத்துக்கு என்ன செய்வது என்று முன்பே தீர்மானித்திருக்க வேண்டும்: ஒரு சொம்புத் தண்ணீர், பத்து ஆழ்ந்த மூச்சு, மாடிப்படி ஏறி இறங்குவது, கயிறு குதிப்பது. பெட்டிக்கடை இல்லாத தெருவாகப் பார்த்துப் பள்ளி வழியை மாற்றிக்கொள்ள வேண்டும். டீயும் தம்மும் ஜோடியாகப் பழகியவை என்பதால் ஒரு மாதம் டீயை வீட்டுக்குள் கொண்டுவாருங்கள். வாய்க்கு ஏலக்காய், வெள்ளரி, கேரட் கொடுக்கலாம். பாக்கு கூடாது. இந்தப் பக்கம் சிகரெட்டை விட்ட பையன் மாவாவுக்கும் (பாக்கும் புகையிலையும் கலந்தது) கூல் லிப்புக்கும் (உதட்டுக்குள் வைக்கும் புகையிலைப் பொட்டலம்) தாவுவது சர்வ சாதாரணம். நிகோடின் அதிலும் இருக்கிறது, பாக்கு தனியாகவே புற்றுநோய் தரும் பொருள். புகை வாசனை போய்விட்டது என்று வீடு நிம்மதியாக இருக்கும்போது உதட்டுக்குள் பொட்டலம் இருக்கும். ஈறில் வெள்ளையாகத் திட்டு தெரிந்தால் பல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

உடற்பயிற்சிக்கு இங்கே ஜிம்மே தேவையில்லை. வியாசர்பாடியில் பந்து உருளாத சாயங்காலம் உண்டா? குத்துச்சண்டைக்கும் இந்தப் பக்கம் ஆளுக்குக் குறைவில்லை. 5 முதல் 17 வயதுக்குத் தினம் சராசரி 60 நிமிடம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. விட்ட ஓரிரு நாளில் அது வெளியேறிவிடும். "மூச்சு வாங்கல" என்று பையனே சொல்லும்போது நாம் எந்தப் பாடமும் நடத்த வேண்டியிருக்காது.

விட்ட பிறகு எடை ஏறலாம். இதை மறைக்காமல் முன்பே சொல்லிவிடுங்கள். பெரியவர்களில் முதல் வருடத்தில் சராசரியாக நாலைந்து கிலோ ஏறுகிறது, பெரும்பகுதி முதல் மூன்று மாதத்தில். சிலருக்கு ஏறுவதே இல்லை. சில சிகரெட் மட்டும் பிடித்த பிள்ளைக்கு அவ்வளவு ஏற வாய்ப்பு குறைவு. ஆனால் தராசு ஒரு கிலோ கூடக் காட்டியதுமே பழைய பயம் திரும்பும், அந்த வாரம்தான் மறுபடி தொடங்குவான். மூன்றாம் மாதம் தாண்டும் வரை எடை பார்க்கும் தேதிகளைக் காலண்டரில் குறித்துவைத்துக் கூடவே இருங்கள்.

பெண் பிள்ளை என்றால் இன்னும் கவனம். வெளியே தெரிந்தால் பேர் கெட்டுவிடும் என்று வீடே மூடி மறைக்கும், அதனால் உதவி தாமதமாகிறது. சாப்பிட்டதும் கழிப்பறைக்கு ஓடுவது, பேதி மாத்திரை, மூன்று மாதமாக மாதவிலக்கு வராமல் நிற்பது, மயக்கம், வேகமாக எடை இறங்குவது, உயிரோடு இருக்கப் பிடிக்கவில்லை என்ற பேச்சு: இதில் ஒன்று தெரிந்தாலும், பையனோ பெண்ணோ, சிகரெட் இரண்டாம் பட்சம், உடனே மருத்துவரைப் பாருங்கள். ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, காசு பிரச்சினையில்லை. மனநல உதவிக்கு 14416 எந்த நேரமும் எடுக்கும், தமிழில் பேசலாம். புகையிலைப் பழக்கத்தை நிறுத்த உதவும் 1800-11-2356 என்ற இலவச எண் சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சிட்டிருக்கிறது, ஆனால் சில்லறையாக வாங்கும் பையன் பாக்கெட்டைக் கையில் வாங்குவதே இல்லை. அந்த எண்ணில் ஒருமுறை பேசினால் அவர்களே திரும்ப அழைத்தும் விசாரிப்பார்கள். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் நிகோடின் சூயிங்கத்தைப் பதினெட்டுக்குக் கீழே நீங்களாக வாங்கித் தராதீர்கள், மருத்துவர் பார்த்துச் சொன்னால் மட்டும்.

கடைக்காரர் விஷயம் ஒன்று மிச்சம். 2003 சட்டப்படி பதினெட்டு வயதுக்குக் கீழே யாருக்கும் விற்கக் கூடாது, பள்ளியிலிருந்து 100 கஜத்துக்குள் எந்தக் கடையும் புகையிலை விற்கக் கூடாது. 2015 சிறார் நீதிச் சட்டத்தின் 77ஆம் பிரிவில் குழந்தைக்குப் புகையிலை கொடுப்பதற்கு ஏழு ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. எடுத்த எடுப்பில் போலீசுக்குப் போக வேண்டியதில்லை. கூட்டமில்லாத மதிய நேரத்தில் போய், "அண்ணே, யூனிபார்ம்ல வர்ற பசங்களுக்குத் தராதீங்க" என்று கேட்டாலே பாதிப் பேர் நிறுத்துவார்கள். நிறுத்தாதவர்களைப் பற்றித் தலைமை ஆசிரியர் வழியாகவும் பெற்றோர் பலர் கையெழுத்தோடும் காவல் நிலையத்தில் எழுத்தில் கொடுங்கள், ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். தனி ஆளாகப் போய்ச் சண்டை போட்டால் அந்தத் தெருவில் அடுத்த நாள் நடக்க வேண்டியது உங்கள் பிள்ளைதான்.